என் மகள் ஓட்டிய ரயிலில் எனக்கு ஒரு படுக்கை

குவா மூசாங் ரயில் நிலையத்தில் டிக்கெட் பார்க்கிற மலாய்க்காரத் தம்பி கைப்பேசியை வாங்கி ஒருமுறை பார்த்தார். விரலால் தள்ளி இன்னொரு முறை பார்த்தார். பிறகு அதை என்னிடம் கொடுக்காமல் என் மனைவியிடம் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்தாலே இவரிடமிருந்து பதில் வராது என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது.

"அம்மா, இது நேற்றைய வண்டி. போய்விட்டது" என்றார் மலாயில்.

லெட்சுமி சிரித்தாள். தம்பி விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். "நேத்து எப்படிப் போகும்? நாங்க இன்னிக்குத்தானே வந்திருக்கோம்!"

அவள் ஒரு கையில் புளிச்சோற்றுத் தூக்கு. மறு கையில் எங்கள் இரண்டு பேருடைய ஸ்வெட்டர். மலையில் இருந்து இறங்கியதும் புழுக்கம் தாங்காமல் கழற்றியது. நிலையத்துக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று இருட்டோடு இருட்டாக நின்றது. நடைமேடையில் பள்ளி விடுமுறைக் கூட்டம். பெட்டி மேல் பெட்டி, பிள்ளை மேல் பிள்ளை.

எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. அந்தத் தம்பி விளையாடவில்லை.

முழு ரயிலையுமா?

இந்தத் தொடரில் என் மகள் தேன்மொழியைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. எழுதினால் பெருமை பேசுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம். இந்த வாரம் கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன்.

எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து ரயில் வேலைக்குப் போனாள். முதலில் பட்டறை. பிறகு பயிற்சி. பிறகு ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற உதவி ஓட்டுநர்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவிடம் லெட்சுமி இதைச் சொன்னபோது நான் வாசலில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ரயில்ல என்ன வேலை லெச்சுமி? சோறு விக்கிற வேலையா?"

"இல்லக்கா. ஓட்டுறா."

"எத?"

"ரயில."

அஞ்சலை அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "முழு ரயிலயுமா?"

அன்று முதல் எங்கள் லயத்தில் அவளுக்கு 'முழு ரயிலு' என்றே பெயர் விழுந்துவிட்டது. விடுமுறைக்கு வந்தால், "முழு ரயிலு வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவளும் வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டே அவர்கள் வீட்டு வாசலைக் கடப்பாள். கூச்சமே இல்லாத பிள்ளை. அம்மாவைப் போல.

எஞ்சினைப் பற்றி ராத்திரிகளில் போனில் சொல்வாள். டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றாதாம். டீசல் உள்ளே கரண்டு உண்டாக்குமாம், அந்தக் கரண்டுதான் சக்கரத்தைச் சுற்றுமாம். இதைக் கேட்டு நான் அசந்துபோனேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் நானாகப் போய் யாரிடம் சொல்வது? மறுநாள் ஃபேக்டரியில், கொழுந்து காயவைக்கிற மெஷின் பக்கத்தில் நின்று, அது போடுகிற சத்தத்துக்கு நடுவே எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன்.

இன்னொரு நாள் சொன்னாள்: "கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவ ஒரு பட்டன அமுக்கிட்டே இருக்கணும்மா. இல்லேன்னா நான் தூங்கிட்டேன்னு நெனச்சு எஞ்சினே பிரேக் போட்டுரும்."

"அதுக்கே உன் மேல நம்பிக்கை இல்லியா?" என்றாள் லெட்சுமி. "எங்க ஊட்டுப் பொண்ணு தூங்காதுன்னு சொல்லு."

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. உதவியாக இல்லை, இனி அவளே ஓட்டுநர். கிழக்குக் கரையிலிருந்து ஜொகூருக்குப் போகிற படுக்கை வண்டியைக் கோலா லிப்பிசில் ஏறிக் கெமாஸ் வரைக்கும் அவள் எடுக்க வேண்டும்.

"வெள்ளிக்கிழம ராத்திரி வண்டிம்மா."

"நாங்க அதுல ஏறி வரட்டுமா?"

"ஐயோ வேணாம்மா! பின்னால நீங்க படுத்திருக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்குக் கை நடுங்கும். அப்பா, சொல்லுங்கப்பா அம்மாகிட்ட."

நான் "சரிம்மா" என்றேன். அவளுக்குத் தெரிந்தால்தானே கை நடுங்கும்? தெரியாமல் போகலாம் என்று போனை வைத்ததும் முடிவு செய்துவிட்டோம். லிப்பிசில் ஏறினால் நடைமேடையில் எங்களைப் பார்த்துவிடுவாள். அதனால் அதற்கு முந்தைய பெரிய நிலையமான குவா மூசாங்கில் ஏறுவது. லிப்பிஸ் வந்ததும் படுக்கைத் திரையை இழுத்து விட்டுக்கொள்வது. மகள் வண்டியை எடுக்க, நாங்கள் பின்னால் படுத்திருக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

சேர்ந்தா, தனியா?

படுக்கை வண்டியில் இடம் எடுப்பது எனக்குப் புதிதல்ல. ஒருமுறை எடுத்திருக்கிறேன். அந்தக் கதையை லெட்சுமி கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். அவளுக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. ஜொகூரில் இருக்கிற அவளுடைய சித்தி வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டும். அப்போதெல்லாம் கைப்பேசி ஏது? லிப்பிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே போய் டிக்கெட் கூண்டில் கேட்க வேண்டும். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை.

"இரண்டு படுக்கையா? சேர்ந்தா, தனியா?" என்று கூண்டில் இருந்தவர் சத்தமாகக் கேட்டார்.

புதுப் பெண்டாட்டியோடு போகிறவன், அத்தனை பேர் காதில் விழும்படி 'சேர்ந்து' என்று எப்படிச் சொல்வது? "எது இருக்கோ அது" என்று சொல்லிவிட்டேன். அவரும் எது இருந்ததோ அதைக் கொடுத்தார். எனக்கு ஒரு பெட்டி, அவளுக்கு வேறொரு பெட்டி. நடுவில் சாப்பாட்டுப் பெட்டி.

ராத்திரி முழுக்க நான் என் மேல் படுக்கையில், அவள் அங்கே ஒரு சீனத்துப் பாட்டிக்கு மேலே. காலையில் ஜொகூரில் இறங்கியதும் லெட்சுமி என் பக்கத்தில் வந்து நின்று, தெரியாதவரிடம் கேட்பதுபோல் கேட்டாள்: "நீங்க எந்த ஊர்லேருந்து வர்றீங்க?"

ஆகவே இந்த முறை என் மைத்துனன் சந்திரனிடம் தெளிவாகச் சொன்னேன். இரண்டும் கீழ்ப் படுக்கை. இரண்டும் எதிரெதிர். எஞ்சினுக்கு எவ்வளவு பக்கத்தில் கிடைக்குமோ அவ்வளவு பக்கத்தில்.

தேதி எப்போது கிழியும்?

சந்திரன் லெட்சுமிக்குத் தம்பி. திரிங்காப் தோட்டங்களிலிருந்து கோபிஸ் என்கிற முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிப் போகிற லோரி ஓட்டுகிறவன். கைப்பேசியில் எல்லாம் செய்வான். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் இடம் எடுத்தான். நாங்கள் இருவரும் இரண்டு தோளுக்கு மேலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, இங்க பாருங்க, பெட்டி படம் வருது. இதெல்லாம் காலி. எது வேணும்?"

"எஞ்சின் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம் லா. ஆனா எஞ்சினுக்கு அடுத்தாப்ல விளக்குக்கு கரண்டு குடுக்குற பெட்டி இருக்குமாம். அதுல படுக்க முடியாது."

"அதுக்கு அடுத்தது எடு."

"தேதி?"

"வெள்ளிக்கிழமைடா. எத்தன தடவ சொல்றது" என்றாள் லெட்சுமி.

வெள்ளிக்கிழமையை அமுக்கினான். அங்கேதான் தப்பு நடந்தது. ஆனால் அதைத் தப்பு என்று எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தோட்டத்தில் நாள் என்பது பெரட்டில் பிறக்கிறது. விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் நேற்றைய கணக்கு. பஞ்சாங்கமும் அப்படித்தான் சொல்கிறது, சூரியன் உதித்தால்தான் நாள். எங்கள் வீட்டில் தேதித்தாளை லெட்சுமி கிழிப்பது காலையில் விளக்கேற்றிய பிறகுதான். நள்ளிரவில் எழுந்து எவராவது தேதி கிழிப்பார்களா?

ரயில் கிழிக்கிறது. குவா மூசாங்குக்கு அந்த வண்டி நள்ளிரவைத் தாண்டித்தான் வரும். எங்களுக்கு அது வெள்ளி ராத்திரி. ரயிலுக்கு அது சனிக்கிழமை. வெள்ளி என்று அமுக்கியதால் எங்களுக்குக் கிடைத்தது வியாழன் ராத்திரி வந்துபோன வண்டி. தேன்மொழியும் எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைதானே, அவளும் 'வெள்ளிக்கிழம ராத்திரி' என்றுதான் சொன்னாள்.

வாய்வரை வந்த வார்த்தை

அந்தத் தம்பி பொறுமையானவர். கையை மடக்கி நீட்டி எங்களுக்கு விளக்கினார். லெட்சுமிக்குப் புரிந்ததும் முகம் சுருங்கியது.

"இன்னிக்கு வண்டில எங்கயாவது ரெண்டு இடம்?"

"எல்லாம் நிறைந்துவிட்டதம்மா. படுக்கை, இருக்கை இரண்டும். விடுமுறை அல்லவா? நாளைக்கு வேண்டுமானால் பார்க்கிறேன்."

நாளைக்கு வேறு யாரோ ஓட்டுவார்கள்.

லெட்சுமி என்னைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "இங்க பாருங்க, ஓட்டுறது நம்ம பொண்ணுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நல்லாருக்கும். அப்பன் நீங்க."

"வேணாம்."

"எதுக்குத்தான் வெக்கப்படறதுன்னு இல்லியா உங்களுக்கு?"

"வெக்கம் இல்ல லெட்சுமி."

உண்மையாகவே வெட்கம் இல்லை. அந்த வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டிருந்தது. மலாயில்கூட அடுக்கி வைத்துவிட்டேன். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? அந்தத் தம்பி நல்லவர். நல்லவர்தான் உடனே லிப்பிசுக்குப் பேசுவார். உன் அம்மாவும் அப்பாவும் இங்கே டிக்கெட் இல்லாமல் நிற்கிறார்கள் என்று அவள் காதுக்குப் போகும். முதன்முதலாக அந்த எஞ்சினில் தனியாகக் கை வைக்கப் போகிற நேரம். கை நடுங்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

என் வாயை நான் எத்தனையோ இடங்களில் திறக்காமல் இருந்திருக்கிறேன். திறக்காமல் இருந்ததற்காக நான் பெருமைப்படுகிற இடம் அந்த நடைமேடை ஒன்றுதான்.

வண்டி வந்தது. முதலில் தண்டவாளம் வெளுத்தது, பிறகு தரை அதிர்ந்தது, பிறகு எஞ்சின் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. டீசல் வாடையும் சூடும் முகத்தில் அடித்தன. படுக்கைப் பெட்டிகளில் திரைகள் மூடிக் கிடந்தன. எங்களுக்கென்று ஒதுக்கிய இரண்டு கீழ்ப் படுக்கையும் நேற்று இதே இடத்தில் நின்று, விரித்த துணி கசங்காமல் ஜொகூர்வரை காலியாகப் போயிருக்கும்.

கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது லெட்சுமியைக் காணவில்லை. பார்த்தால் நடைமேடையின் முன்கோடியில், எஞ்சினுக்கு எதிரில் நிற்கிறாள். இதே எஞ்சினைத்தான் லிப்பிசில் மகள் வாங்கி ஓட்டப் போகிறாள். இரண்டு கையையும் அதன் பக்கமாக நீட்டி வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். பத்து விரலும் சொடக்குப் போட்டன. மேலே சன்னலில் அதுவரை ஓட்டிவந்த பெரியவர் தனக்குத்தான் ஏதோ வணக்கம் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார்.

லோரியில் மூன்று பேர்

எங்களை இறக்கிவிட்ட சந்திரன் வெளியே லோரிக்குள் கண்ணயர்ந்திருந்தான். லெட்சுமி கதவைத் தட்டினாள்.

"என்னக்கா, ரயில் வரலியா?"

"வந்துச்சு. நாமதான் நேத்து வரல."

விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "நீங்கதானே வெள்ளின்னு சொன்னீங்க!"

"சொன்னா? ரயில் ஓட்டுற பொண்ணுக்குத் தாய்மாமன், தேதி எப்ப மாறும்னு தெரிய வேணாமா? நவுரு, நான் நடுவுல ஏறிக்கிறேன்."

"எங்கக்கா?"

"கெமாஸுக்கு. அவ எஞ்சின விட்டு எறங்குறதுக்குள்ள போயி நிக்கணும். ஓட்டுறதத்தான் பாக்கல, எறங்குறதயாவது பாக்குறேன்."

சந்திரன் என்னைப் பார்த்தான். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். அதுதான் என் பதில்.

அந்த ராத்திரி காலி லோரி கோபிஸ் வாடையோடு ஓடியதை நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது. பின்னால் காலிக் கூடைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே வந்தன. லிப்பிசைத் தாண்டியபோது, இந்நேரம் ஏறியிருப்பாளா என்றாள் லெட்சுமி. ஜெரண்டுட்டில் மழை. தெமர்லோ பக்கம் ஒரு கடையில் கோப்பி குடிக்கிறேன் என்று சந்திரன் நிறுத்தினான்.

"ரயிலு கோப்பி குடிக்காதுடா!"

"அக்கா, ரயிலுக்குத் தூக்கம் வராது. எனக்கு வரும் லா."

"முழிச்சிருக்கறதுக்கு உனக்கும் ஒரு பட்டன் வச்சிருக்கணும்."

அதன் பிறகு அவன் தலை கொஞ்சம் சாய்ந்தாலும் லெட்சுமி அவன் தொடையில் பட்டனை அமுக்கினாள். கிள்ளினாள் என்று எழுதுவதுதான் சரி.

கேட்

பஹாவ் போகிற வழியில் விடிந்துகொண்டிருந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு ரயில் கேட். நாங்கள் கிட்டே போகவும் மணி அடித்துத் தடுப்பு இறங்கவும் சரியாக இருந்தது.

சந்திரன் ஸ்டியரிங்கில் அடித்தான். "ச்சே! ஒரு நிமிசம் முந்தியிருந்தா பூந்திருக்கலாம்!"

போச்சு, இனி கெமாஸுக்கு முன்னால் போய்ச் சேர முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து நின்றது. அதற்குப் பின்னால் தொழிற்சாலை பஸ், இரண்டு லோரி, மோட்டார் சைக்கிள்கள். எதிர்ப்பக்கமும் வரிசை. கறுப்புக் காரிலிருந்து ஒருவர் இறங்கி எங்கள் லோரியைத் தாண்டி முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தண்டவாளத்தை முறைத்தார். அதைத் திட்டினால் ஒதுங்கிவிடும் என்பதுபோல.

"மாமா" என்றான் சந்திரன் மெதுவாக. "இந்த நேரத்துக்கு இந்தத் தண்டவாளத்துல வேற எந்த வண்டி வரும்?"

லெட்சுமி என் கையைப் பிடித்தாள். தூரத்தில் ஹார்ன் கேட்டது. கேட்டுக்காக அடிப்பது, எந்த ஓட்டுநரும் அடிக்க வேண்டியது. ஆனாலும் அவள் வாயால் அடிக்கும் ஹார்னைக் கேட்டே பழகியவர்கள் நாங்கள்.

எஞ்சின் வந்தது. எங்கள் பக்கத்துச் சன்னலில் தேன்மொழி. தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மேலே மஞ்சள் சட்டை. முகம் நேராக முன்னால் இருந்தது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். அந்த முகத்தில் விளையாட்டு இல்லை, பயமும் இல்லை. வேலை செய்கிற முகம். எங்களுக்குப் பழக்கமில்லாத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

அவளுக்குப் பின்னால் பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே இன்னும் பலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். லிப்பிசிலிருந்து அத்தனை பேரும் என் மகளை நம்பித் தூங்கியிருக்கிறார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துச் சாலையில் துரை கார் வந்தால் கானுக்குள் இறங்கி நிற்போம். கான் என்றால் சாலையோரத் தண்ணீர் வாய்க்கால். பெரியவர்களும் இறங்குவார்கள். கார் போகிறவரை யாரும் பேச மாட்டார்கள். இப்போது அப்படியெல்லாம் இல்லை, மானேஜர்கள் வணக்கம் சொல்கிறார்கள். இருந்தாலும் கார் சத்தம் கேட்டால் என் கால் தானாக ஓரத்துக்குப் போகும்.

அன்று காலை அந்தக் கறுப்புக் கார் நின்றது. பஸ் நின்றது. இடுப்பில் கை வைத்த பெரிய மனிதர் நின்றார். என் மகள் போகிறவரை சாலை முழுக்க நின்றது.

தடுப்பு மேலே எழும்பியும் சந்திரன் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹார்ன் மேல் ஹார்ன். "அடிங்கடா, அடிங்க. என் அக்கா மவடா அது!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர்.

"கெமாஸ் வேணாம்டா" என்றாள் லெட்சுமி. "பாத்தாச்சு. புள்ள தூங்கட்டும். எங்கயாச்சும் ஓரங்கட்டு, சோறு திம்போம்."

மாலையில் ஒரு போன்

அன்று சாயங்காலம் நாங்கள் வீடு வந்து, குளித்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தேன்மொழி கூப்பிட்டாள். தூங்கி எழுந்த குரல்.

"எப்படிம்மா போச்சு?" என்று கேட்டேன். நாங்கள் வந்ததைச் சொல்வதில்லை என்று வழியெல்லாம் பேசி வைத்திருந்தோம்.

"நல்லாப் போச்சுப்பா. நேரத்துக்குக் கொண்டுபோயிட்டேன். லிப்பிஸ்ல ஏறுறப்ப மட்டும் கை கொஞ்சம் ஜில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல." சிரித்தாள். "பஹாவ்கிட்ட ஒரு கேட்ல பெரிய கார் நின்னுச்சுப்பா. ஒரு ஆளு எறங்கி வந்து, எஞ்சினையே மொறச்சிக்கிட்டு நிக்கிறாரு. அப்புறம் நெனச்சு நெனச்சு எனக்குச் சிரிப்புத் தாங்கல."

"ஆமா, கறுப்பு கார்" என்றேன்.

லெட்சுமி என் முதுகில் ஒன்று வைத்தாள்.  

"அப்பா." குரல் மாறியிருந்தது. "அங்க ஒரு காய்கறி லோரி நின்னுச்சு."

எனக்கு வழக்கமாக வார்த்தை வராது. அன்று வந்தது.

"ஆமாம்மா. எல்லாருக்கும் முன்னால நின்னது நாங்கதான்."